மகஜரும் வழக்குரையும்

அரச வன்முறைக்கு அயலரசுகள் அளிக்கும் மறுமொழி பற்றியதொரு விமர்சன நோக்கு

1

தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஒரு சமூகம் யாரிடம் எடுத்துரைக்கின்றதோ, அவரைப் பொறுத்தே அதன் மொழியும் அமைகின்றது. கேட்போர் மாறுமிடத்துச் சொல்லும் மாறும். சொல்லாது விடப்படுவதும் மாறும். கவிதையையும் நாவலையும் ஆராயுமிடத்து இவ்வுண்மையை நாம் எளிதில் ஒப்புக்கொள்கின்றோம். அரசியல் எழுத்தை ஆராயும்போது மட்டும் அதனை மறந்துவிடுகின்றோம். வேண்டுகோள், கண்டன அறிக்கை, சாட்சியம் என்பன இலக்கியமல்ல என ஒதுக்கப்பட்டமையே இதற்குக் காரணமாகும். ஆயின் ஈழத்துத் தமிழ் உரைநடையில் மிகப் பலர் கூடி எழுதிய வடிவம் எதுவென வினவின், அது சிறுகதையுமன்று, நாவலுமன்று. மகஜரே எனக் கூறின் மிகையாகாது.

மகஜர் என்பது பாரசீகத்தின் வழியே ஆட்சிமுறையோடு வந்து சேர்ந்த சொல். கீழிருப்போர் பலர் கையொப்பமிட்டு மேலிருப்போருக்கு அனுப்பும் விண்ணப்பத்தை அது குறிக்கும். மட்டக்களப்பு வாவியின் கரைகளில் இதனினும் பழைய வடிவமொன்று இன்றும் வழக்கிலுள்ளது. வைகாசித் திங்களிற் கண்ணகி கோயில்களிற் சடங்கு நிகழும்போது ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகின்றது. வி. சீ. கந்தையா அவர்களின் பதிப்பினால் அந்நூல் கோயிலுக்கு வெளியேயும் அறிமுகமாயிற்று. கொலைத் தண்டனை விதித்த அரசனின் அவைக்கே ஒருத்தி தனியே செல்கின்றாள். கொலையுண்டவன் இன்னானெனக் கூறுகின்றாள். சிலம்பைச் சான்றாக உடைத்து வழக்குரைக்கின்றாள். மூன்றாம் அரசன் எவனையும் அவள் துணைக்கு அழைக்கவில்லை.

மகஜர், வழக்குரை ஆகிய இவ்விரண்டையும், இவற்றுக்கு எதிர்முனையில் நிற்கும் அயலரசுகளின் அறிக்கையையும் உரைவடிவங்களாகக் கொண்டு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அயலரசுகள் நல்லனவா தீயனவா என்பது இங்கு வினாவன்று. அவற்றின் மறுமொழி எவ்வாறு அமைகின்றது, அம்மறுமொழியை எதிர்பார்த்து எழுதியமையால் எமது எழுத்துக்கு யாது நேர்ந்தது என்பனவே வினாக்கள்.

2

1956 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அரசகரும மொழிச் சட்டம் 1961 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் 1961 பெப்ரவரி 20 ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி முன்றலிற் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினர். நிலத்தில் அமர்ந்திருந்தோர் மீது பொலிசார் முதல் நாளிலேயே தடியடி நடத்தினர். போராட்டம் அடங்கவில்லை. அம்மாத இறுதியில் அது மட்டக்களப்புக்கும் பரவிற்று.

மட்டக்களப்புக் கச்சேரி அன்று புளியந்தீவிலுள்ள கோட்டைக்குள் இயங்கியது. போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் பிரித்தானியர் ஆண்ட கோட்டை அது. அயலரசுகள் மூன்று மாறிமாறி இருந்த வாசலில், சுதந்திர நாடொன்றின் குடிமக்கள் தமது மொழியில் அரசகருமம் நடைபெற வேண்டுமெனக் கேட்டு அமர்ந்தனர். எஸ். எம். இராசமாணிக்கம், செ. இராசதுரை முதலியோர் இப்பகுதியின் தலைவர்களாக விளங்கினர். கிழக்கிலே தமிழரோடு முஸ்லிம்களும் அச்சத்தியாக்கிரகத்திற் பங்குபற்றினர் என்பது மனங்கொளத்தக்கது. ஏப்ரல் 14 இல் யாழ்ப்பாணத்திற் கட்சியின் தபாற் சேவை தொடக்கிவைக்கப்பட்டது. ஏப்ரல் 17 இல் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டு, இராணுவம் இறக்கப்பட்டு, சத்தியாக்கிரகம் பலவந்தமாகக் கலைக்கப்பட்டது. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமிற் தடுத்துவைக்கப்பட்டனர்.

அயலரசுகள் இதற்கு என்ன கூறின என்பதை நோக்குமுன், ஓராண்டு பின்சென்று தென்னாபிரிக்காவை நோக்குதல் வேண்டும். 1960 மார்ச் 21 இல் ஷார்ப்வில் நகரில் அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடியோர் மீது பொலிசார் சுட்டதில் 69 பேர் இறந்தனரெனப் பதிவாயிற்று. பதினொரு நாட்களுக்குப்பின், ஏப்ரல் முதலாந் திகதி, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 134 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒன்பது நாடுகள் ஆதரித்தன. பிரித்தானியாவும் பிரான்சும் வாக்களியாது விலகின. ஆதரித்த ஒன்பதில் இலங்கையும் ஒன்று. 1960, 1961 ஆகிய ஈராண்டுகளும் இலங்கை பாதுகாப்புச் சபையின் உறுப்பு நாடாக இருந்தது. எனவே, கச்சேரி வாசல்களில் அமர்ந்தோரை இராணுவம் அப்புறப்படுத்திய வேளையிலும், உலக அமைதியைக் காக்கும் அச்சபையில் இலங்கைக்கு ஓர் ஆசனம் இருந்தது.

ஷார்ப்வில்லையும் புளியந்தீவையும் ஒரே தராசில் நிறுப்பது பிழை. அங்கே சிந்திய குருதியின் அளவு வேறு. தென்னாபிரிக்காவைக் கண்டித்து இலங்கை வாக்களித்ததும் பிழையன்று. அது செம்மையான செயலே. எனினும், பிறநாட்டு வாசலில் அடிபட்டவனை அடையாளங்காணும் அரசு தன் வாசலில் இருப்பவனைச் சட்டவிரோதியாக மட்டுமே காண்கின்றது என்னும் முரண்பாட்டை இந்நிகழ்ச்சி துலக்கமாகக் காட்டுகின்றது. இம்முரண்பாடு இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. எமக்காகக் குரல்கொடுக்குமென நாம் எதிர்பார்க்கும் ஒவ்வோர் அரசுக்கும் அதனதன் கச்சேரி வாசல் ஒன்று உண்டு.

3

அயலரசுகளின் அறிக்கைகளைத் தமிழிற் பெயர்க்கப்பட்ட நிலையில் நாள்தோறும் படித்துவருகின்றோம். அவற்றின் இலக்கணத்தைச் சிறிது ஆராய்தல் பயன்தரும்.

முதலாவது, அவற்றின் பிரதான வினை உள்ளத்து வினையாகும்: கவலைகொள்ளுதல், வருந்துதல், எதிர்பார்த்தல், உன்னிப்பாக அவதானித்தல். எழுவாயாக நிற்கும் அரசு தன் மனநிலையைத் தெரிவிக்கின்றது, செயலெதனையும் வாக்களிப்பதில்லை. இரண்டாவது, வன்முறையைக் குறிக்குமிடத்துச் செயப்பாட்டுவினை ஆட்சிபெறுகின்றது. மக்கள் கலைக்கப்படுகின்றனர், காயப்படுத்தப்படுகின்றனர், கொல்லப்படுகின்றனர். கலைத்தவரும் கொன்றவரும் வாக்கியத்தினின்று நீங்கிவிடுகின்றனர். மூன்றாவது, நிதானத்தைக் கடைப்பிடிக்குமாறு சகல தரப்பினரும் கேட்கப்படுவர். இத்தொடர் துப்பாக்கி ஏந்தியவனையும் பதாகை ஏந்தியவனையும் ஒருநிறையாக்கிவிடுகின்றது.

இவ்விலக்கணம் பொய்யை உரைப்பதற்கென வகுக்கப்பட்டதன்று. உறவு முறியாமல் பேசுவதற்கென வகுக்கப்பட்டது. ஆகவே அறிக்கையைத் தனியே படித்தல் போதாது. அதே காலத்தில் அவ்வரசு செய்த பிற செயல்களோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

1971 ஏப்ரற் கிளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். அஃது ஆயுதக் கிளர்ச்சி, அமைதிப் போராட்டமன்று. எனினும் அதனை அடக்கியபோது சரணடைந்தோரும் கைதானோரும்கூடக் கொல்லப்பட்டனர். பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், இந்தியா, பாகிஸ்தான், சீனா ஆகிய யாவும் கொழும்புக்கு உதவின. உலக அரங்கில் ஒன்றோடொன்று பொருதிய வல்லரசுகள் இலங்கை இளைஞரை அடக்கும் பணியில் ஒருமைப்பட்டன. 1984 முதல் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சியளித்தோர் பிரித்தானியத் தனியார் நிறுவனமொன்றின் முன்னாட் படையினர். அது வர்த்தக விடயம் என்பதே இலண்டனின் நிலைப்பாடாக இருந்தது. 1987 சனவரி இறுதியில், கொக்கட்டிச்சோலையில் அமெரிக்க முதலீட்டோடு இயங்கிய இறாற் பண்ணையின் தொழிலாளரும் அயற்கிராமத்தவரும் அதே அதிரடிப்படையினராற் கொல்லப்பட்டனர். முதலீடு ஒரு நாட்டினது, பயிற்சி இன்னொரு நாட்டினது, மாண்டோர் படுவான்கரையினர்.

இவ்வியல்பு எமக்கு மட்டும் நேர்ந்ததென எண்ணுதலும் தவறாகும். 1989 யூன் மாதம் பீக்கிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர் எழுச்சி நசுக்கப்பட்டபோது, ஐக்கிய அமெரிக்கா வெளிப்படையாகக் கண்டித்து ஆயுத விற்பனையை இடைநிறுத்தியது. மறுமாதமே அதன் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் இரகசியமாகப் பீக்கிங் சென்று உறவைப் பேணினார். 2022 யூலை 22 இல், விடியுமுன், காலிமுகத்திடற் போராட்டக்களத்தைப் படையினர் தாக்கியபோது மேற்குநாட்டுத் தூதுவர்கள் அன்றே கவலை தெரிவித்தனர். எட்டு மாதங்களின் பின், 2023 மார்ச்சில், அவ்வரசுகள் பெரும்பங்கு வகிக்கும் சர்வதேச நாணய நிதியம் தாக்குதல் நடத்திய அதே அரசுக்குக் கடனை அங்கீகரித்தது. கடன் நாட்டுக்கு வேண்டியிருந்தது என்பது உண்மையே. கவலை அறிக்கை எந்நிறையுடையது என்பதும் உண்மையே.

4

அயலரசின் மறுமொழி பற்றித் தமிழிலக்கியம் அறியாததொன்றில்லை. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை இந்நோக்கிற் படித்துப் பார்க்கலாம். மதுரையில் நிகழ்ந்த அரச கொலை பற்றிய செய்தி மலைநாட்டுக் குறவர் வாயிலாகச் சேரன் செங்குட்டுவனை எட்டுகின்றது. அவன் இரங்குகின்றான், பத்தினிக்குக் கோயிலெடுக்க முடிவுசெய்கின்றான். ஆயின் அக்கோயிலுக்கான கல்லைத் தேடி அவன் இமயம் நோக்கிப் படைநடத்துகின்றான். தமிழரசரை இகழ்ந்த வடபுலத்து வேந்தராகிய கனகனும் விசயனும் தோற்கடிக்கப்பட்டுக் கல்லைச் சுமக்க வைக்கப்படுகின்றனர். பாண்டிய நாட்டிலோ வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிடுகின்றான். குற்றஞ்செய்தவன் ஒரு பொற்கொல்லன், பலியானோர் ஆயிரவர்.

செங்குட்டுவனின் பக்தியை ஐயுறுவதற்கில்லை. எனினும் கண்ணகியின் துயரம் அவனுடைய மானப் போருக்கு ஒரு காரணமாயிற்று என்பதையும் காப்பியம் மறைக்கவில்லை. அயலரசன் இரக்கமற்றவனென்று இளங்கோ கூறவில்லை. அவனது இரக்கம் அவனது தேவையோடு கலந்தே வருகின்றது எனக் காட்டுகின்றார். கோயிற் பிரதிட்டைக்கு வந்திருந்தோருள் இலங்கை வேந்தன் கயவாகுவும் ஒருவன் என்பது ஈண்டு நினையத்தக்கது. கண்ணகி வழிபாடு இலங்கை வந்தது அவன் வழியாகவே என்பது மரபு. அத்தெய்வம் சிங்கள மக்களுக்குப் பத்தினித் தெய்யோ ஆகவும் மட்டக்களப்பாருக்குக் கண்ணகையம்மனாகவும் விளங்குகின்றாள்.

5

ஆயின் அயலரசின் மறுமொழி முற்றும் பயனற்றதெனக் கூறுதல் நேர்மையாகாது. 1991 யூன் 12 இல் மண்முனைத் துறையருகே கண்ணிவெடியிற் படையினர் இருவர் இறந்ததையடுத்து, மகிழடித்தீவு முதலிய கொக்கட்டிச்சோலைப் பகுதிக் கிராமங்களிற் பொதுமக்கள் படையினராற் கொல்லப்பட்டனர். உதவி வழங்கும் நாடுகளும் மனித உரிமை அமைப்புகளும் இலங்கையை உற்றுநோக்கிய காலம் அது. சனாதிபதி விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. இடைநடுவே அகப்பட்டு மக்கள் மாண்டனர் என்னும் விளக்கத்தை அக்குழு ஏற்கவில்லை. 67 பேரின் இறப்பைப் பதிவுசெய்தது. இராணுவ நீதிமன்றில் அதிகாரி ஒருவர், படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்கும் சடலங்களை முறைகேடாக அகற்றியமைக்கும் குற்றவாளியானார், ஏனையோர் விடுதலையாயினர். கொலைக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. எனினும், அரசின் ஆவணமொன்றிலேயே உண்மை எழுதப்பட்டமை சிறு பேறன்று.

அதே மண்முனைத் துறையில் 2014 ஏப்ரலில் யப்பானின் நன்கொடையாற் கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதத்திலேதான் ஜெனீவாவில் இலங்கை பற்றிய சர்வதேச விசாரணைக்கு வழிசெய்த தீர்மானம் நிறைவேறியது. யப்பான் வாக்களியாது விலகிநின்றது. பாலம் படுவான்கரை உழவருக்கும் மீனவருக்கும் மாணவருக்கும் பெருநன்மை செய்கின்றது. அதனை இகழ்வோர் வாவியைத் துறையிற் காத்திருந்து கடந்தறியாதவர். ஆயினும் பாலம் தந்த கை, வாக்கைத் தரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

இன்னும் அண்மையதொரு சான்று ஓட்டமாவடியில் உள்ளது. 2020 இல், கொரோனாவால் இறந்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்படவேண்டும் என்ற கட்டளை முஸ்லிம் மக்களைப் பெருந்துயரில் ஆழ்த்தியது. வல்லுநர் கருத்தும் ஊர்மக்களின் கண்ணீரும் மாதக்கணக்கில் அரசை அசைக்கவில்லை. 2021 பெப்ரவரி 23, 24 ஆந் திகதிகளிற் பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வருகைதந்தார்; மறுநாள் அடக்கஞ்செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. மார்ச் தொடக்கத்தில் ஓட்டமாவடியில் முதல் உடல்கள் அடக்கப்பட்டன. ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானமொன்று வாக்கெடுப்பை எதிர்நோக்கியிருந்தமையையும், முஸ்லிம் நாடுகளின் வாக்குகளை அரசு நாடிநின்றமையையும் இங்கு மறத்தலாகாது. மார்ச் 23 இல் அத்தீர்மானம் 22 க்கு 11 என நிறைவேறியது. 14 நாடுகள் விலகிநின்றன. பாகிஸ்தான் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது; இந்தியா விலகிநின்றது. ஒரே அயலரசு ஒரு மாதத்துக்குள் எம்மண்ணில் ஒரு துயரைத் துடைத்தது. இன்னொரு நீதிக்குத் தடையாகவும் நின்றது. இரண்டும் அதன் நலனுக்கு இயைந்தனவே.

6

இனி, எமது எழுத்துக்கு நேர்ந்தது யாதெனப் பார்ப்போம். தூரத்து வாசகனை முன்னிறுத்தி எழுதப்படும் மகஜருக்கு மூன்று இயல்புகள் வாய்த்துவிட்டன. மனிதர் எண்களாகின்றனர், எண் பெரிதாயின் செவிமடுக்கப்படும் என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். வரலாறு ஒரே வரிசையில் ஒப்புவிக்கப்படுகின்றது. மூன்றாவதே மிகக் கொடியது: வழக்கைப் பலவீனப்படுத்தக்கூடிய யாவும் நீக்கப்படுகின்றன.

1990 ஆம் ஆண்டின் ஐந்து வாரங்களை நினைவுகூர்வோம். ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக்கொல்லப்பட்டனர். அம்மாதம் 12 ஆந் திகதியளவில் ஏறாவூர் முஸ்லிம்களுக்கும் அதே கதி நேர்ந்தது. செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தாற் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் 180 க்கு மேற்பட்டோர், குழந்தைகளுட்பட, கொல்லப்பட்டனர். இவை யாவும் ஒரே வாவியைச் சூழ்ந்த ஊர்கள். ஆயினும் தமிழரின் மகஜர்களிற் பின்னவை இரண்டும் இடம்பெறும், முன்னவை இரண்டும் இரா. முஸ்லிம்களின் மகஜர்கள் பலவற்றில் இதன் மறுதலை நிகழும். ஜெனீவாவிலிருக்கும் வாசகனுக்கு இவ்விடைவெளி தெரியாமற் போகலாம். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் இருக்கும் வாசகர் அதனையே முதலிற் காண்பர்.

வழக்குரையின் இயல்பு இதற்கு நேர்மாறானது. 1988 மார்ச் 19 இல் மாமாங்கேசுவரர் ஆலய முன்றலில் பூபதி அம்மையார் உண்ணாநோன்பு தொடங்கினார். பத்துப் பிள்ளைகளின் தாயான அவர் முன்வைத்த கோரிக்கைகள் இரண்டே: உடனடிப் போர்நிறுத்தம், புலிகளுடன் பேச்சுவார்த்தை. அவர் வழக்குரைத்தது தொலைவிலிருந்த அரசொன்றிடமன்று. மட்டக்களப்பின் தெருக்களில் நின்ற இந்திய அரசிடமே. உண்ணாநோன்பின் பொருளை உலகிலே நன்கறிந்திருக்க வேண்டிய அரசு அது. ஏப்ரல் 19 இல் அவர் உயிர்நீத்தார், கோரிக்கைகள் நிறைவேறவில்லை. அவரது நினைவைப் பின்னர் ஓர் இயக்கம் தன் உடைமையாக்கிக்கொண்டமையை நாம் அறிவோம். அதற்கு முன்னிருந்த அவரது செயலையோ, சான்று தன் உடலாகவும் அவை தன் ஊராகவும் அமைந்த வழக்குரையெனல் வேண்டும்.

இங்கே தடையொன்று எழலாம். 1961 இல் உள்நாட்டு அரசிடம் நேர்நின்று கேட்டதற்கு இராணுவமே விடையாக வந்தது. 1988 இல் மரணமே விடையாயிற்று. உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிட்டபின் வெளியுலகை நாடாது வேறென் செய்வது? இத்தடை வலிமையானது. வெளியுலகுக்கு எழுதுவதை விட்டுவிடுக என இக்கட்டுரை கூறவில்லை. வெளியுலகின் செவிக்கென்று செதுக்கிய சொல்லையே எமக்குள்ளும் பேசத் தொடங்கிவிட்டோம் என்பதே குறை. அரசு கேளாதாயினும், அயலவர் கேட்கும்படி உரைக்கப்படாத வழக்கு எந்த அவையிலும் நிலைக்காது. 1961 இல் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாசலில் அமர்ந்தனர். முப்பதாண்டுக்குள் அவ்வாசல் இரண்டாயிற்று. அதனை இரண்டாக்கியதில் அரசுக்கும் ஆயுதத்துக்கும் பங்குண்டு; எழுத்துக்கும் பங்குண்டு.

7

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணி வாவிக்கரை வழியே சென்றது. அது ஜெனீவாவை நோக்கிய மகஜரே. எனினும் காணாமலாக்கப்பட்டோர், மேய்ச்சல் நிலம், மலையகத் தொழிலாளரின் ஆயிரம் ரூபா ஊதியம், எரிக்கப்பட்ட முஸ்லிம் உடல்கள் ஆகிய யாவும் அதன் கோரிக்கைகளில் ஒன்றாக இடம்பெற்றன. கிழக்கின் முஸ்லிம்களும் அதில் இணைந்தனர். அதன் பெறுமதி ஜெனீவாவின் 22 வாக்குகளில் இல்லை, இவ்விணைப்பிலேயே உள்ளது. 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தமது மேய்ச்சற்றரைக்காக அமர்ந்தபோது, பேரவையின் தீர்மானமெதுவும் பசுக்களைக் காக்க வரவில்லை. நவம்பர் 5 இல் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அங்கு சென்று அருகிருந்தனர். திரும்பும் வழியில் அறுவர் கைதாயினர். தூரத்து அரசுகளின் கவலையினும் அம்மாணவர் சென்று அருகிருந்தமை பண்ணையாளருக்கு மெய்யான மறுமொழியாயிற்று.

மட்டக்களப்பின் வைகாசிச் சடங்கு வழக்குரையோடு முடிவதில்லை, குளிர்த்தியோடு முடிகின்றது. மதுரையை எரித்த வெம்மை தணிக்கப்பட்டாலன்றி ஊருக்கு மழையுமில்லை, நலமுமில்லை என்பது மக்கள் நம்பிக்கை. ஆயின் வழக்கு முழுவதும் பாடப்பட்ட பின்னரே குளிர்த்தி பாடப்படும்; இம்முறையை மாற்றுவாரில்லை. அயலரசுகள் எம்மிடம் பெரும்பாலும் கேட்பது வழக்குரைக்கு முன்னரே குளிர்த்தியை. நாமோ வழக்கிற் பாதியை மட்டும் பாடிவிட்டுக் குளிர்த்தியை மறுத்துநிற்கின்றோம். வாவியின் இருகரையிலும் மாண்டோர் அனைவரையும், கொன்றோர் அனைவரையும் பெயர்சொல்லி உரைக்கும் முழு வழக்குரையை எழுதுதல் எமது தலைமுறையின் கடன். அதனை முதலிற் படிக்கவேண்டியோர் ஜெனீவாவில் இல்லை. அடுத்த ஊரில் இருக்கின்றனர்.